வளைவில் வண்டியைத் திருப்பியது எது

"பக்கவாட்டு அசைவு சென்சார்: வரும் அளவு நம்பத்தக்கதல்ல." காரின் கோளாறு பார்க்கும் கருவி அச்சிட்டுத் தந்த சீட்டின் முதல் வரியை இப்படித்தான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். பெட்ரோல் பங்க் ரசீதைப் போன்ற மெல்லிய தாள். சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும் என்பதால் ஒரு நகலும் எடுத்துக்கொண்டேன். சீட்டின் தலையில் அச்சாகியிருக்கும் தேதி தவறு. கருவியின் கடிகாரத்தை யாரும் திருத்தியிருக்கவில்லை. நான் அதைப் பேனாவால் அடித்துவிட்டு, "தீபாவளிக்கு அடுத்த புதன்கிழமை, முற்பகல், நாமக்கல்" என்று பக்கத்தில் எழுதினேன்.

கார் என் அக்காவுடையது. நாமக்கல்லுக்கு மேற்கே, திருச்செங்கோடு சாலையிலிருந்து உள்ளே தள்ளி, அக்கா முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறாள். மாமா இறந்த பிறகு அவள் ஒருத்திதான். வீட்டுக்கும் பண்ணைக்கும் நடுவில் பஸ் கிடையாது. கார் ஓட்டுவதை அவள் ஐம்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டாள். கற்ற பிறகு பண்ணைக்கு, தீவன மில்லுக்கு, சேலத்தில் என் வீட்டுக்கு என்று எங்கும் தானே போனாள். யாரிடமும் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஓட்டத் தெரியாது.

ஆவணியில் ஒரு மதியம், எலச்சிபாளையம் தாண்டி ஒரு வலது வளைவில், அந்தக் கார் சாலையை விட்டு இடப்பக்கம் இறங்கிச் சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. மழை இல்லை. எதிரில் வண்டி இல்லை. அக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த மருமகளுக்குக் காறை எலும்பு உடைந்தது. மருமகள் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "தூங்கிட்டீங்களா அத்தை?"

"இல்ல சாமி, வண்டி அதுவாத் திரும்பிருச்சு" என்று அக்கா சொன்னாள். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னாள். அன்று இரவு போனில் என்னிடமும் அதையேதான் சொன்னாள். வண்டி எப்படி அதுவாகத் திரும்பும் என்று அக்கா மகன் கேட்டான். போலீஸ்காரர் கேட்டார். தகரம் நிமிர்த்திய பட்டறைக்காரர் சிரித்தார். ஒரு வாரம் கழித்து நான் போயிருந்தபோது அக்கா, "கண்ணசந்துட்டேன் போலிருக்குது புள்ள" என்றாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. தன் கண்ணால் கண்டதை ஒரு வாரத்தில் ஒருவர் கைவிட்டுவிட முடியும் என்பதை அதுவரை நான் புத்தகங்களில் மட்டும்தான் படித்திருந்தேன்.

அதன்பின் அவள் சாவியைத் தொடவில்லை. பண்ணைக்கு முட்டை ஏற்றும் வண்டியில் தொற்றிக்கொண்டு போனாள். தீபாவளிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த மகன், காருக்கு ஆள் பார்த்துவிட்டதாகவும் வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப் போவார்கள் என்றும் சொன்னான். மருமகளின் கை இன்னும் கழுத்திலிருந்து கட்டித் தொங்கவிட்ட துணித் தூளியில் இருந்தது. அவன் சொன்னதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அதனால் எதிர்த்துப் பேச என்னால் முடியவில்லை.

வாங்க வருபவர் ஒன்றே ஒன்றைக் கேட்டிருந்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால், வழுக்கும் கார் போலப் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று அவ்வப்போது எரிகிறது. அதை அணைத்துத் தர வேண்டும். அதற்காக மகன் நாமக்கல்லிலிருந்து ஒரு எலெக்ட்ரீசியனை வரவழைத்தான். முப்பது வயது இருக்கும். கையில் வண்டிக் கோளாறு காட்டும் ஸ்கேனர், காதில் புளூடூத், வாயில் ஓயாத பேச்சு.

"ஏனுங்கக்கா, இந்த லைட்டு எதுக்குன்னு தெரியுமுங்களா?" என்று வாசலில் நின்ற அக்காவிடம் கேட்டான். "இது வண்டிக்கு ஒரு மாமியாருங்க. நாம ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பறோம், வண்டி எவ்வளவு திரும்புதுன்னு பாத்துக்கிட்டே இருக்கும். வழுக்குதுன்னு அதுக்குப் பட்டுச்சுன்னா, நம்மளக் கேக்காமயே ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக்கைப் புடிச்சு நேராக்கும்."

"மாமியார்னா அத்தனை நல்லது பண்ணுவாங்களா?" என்றாள் மருமகள், வீட்டுக்குள்ளிருந்து.

"அதுக்குப் பைத்தியம் புடிக்காத வரைக்கும் பண்ணுமுங்க."

அக்காகூடச் சிரித்தாள். அவன் ஸ்கேனரைச் சொருகினான், எதையோ அழுத்தினான், விளக்கு அணைந்தது. "முடிஞ்சுதுங்க. பழசெல்லாம் அழிச்சாச்சு."

"அழிக்கறதுக்கு முன்னாடி அதுல என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பாக்கலீங்களே. லைட்டை அணைக்கத்தானே சொன்னாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கிழிப்பவளில்லை நான். ஆனால் அப்போது அந்த அழிப்பு எவ்வளவு பெரிது என்று எனக்கும் தெரியாது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அவன் கிளம்பினான். நாமக்கல் வரை போக வேண்டியிருந்ததால் நானும் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டேன்.

ஊர் எல்லையில் ஒரு வலது திருப்பம். அவன் வேகமாகப் போகவில்லை. அவனுடைய மனைவி சமைத்த தீபாவளிப் பலகாரத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். காலடியில் திடீரென்று கரகரவென்று ஒரு சத்தம். யாரோ முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டதுபோல வண்டி இடப்பக்கம் இழுத்தது. நான் அவன் பக்கம் சரிந்தேன். அவன் "அய்யோ, அய்யோ!" என்று கத்தியபடி ஸ்டியரிங்கை வளைத்தான். வண்டி சாலையோர மண்ணில் இறங்கி நின்றது. மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்துகொண்டிருந்தது.

அவன் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

"நீ திருப்புனயா?" என்று கேட்டேன்.

"சத்தியமா இல்லீங்க. அதுவாத் திரும்பிருச்சுங்க."

அக்கா சொன்ன அதே வார்த்தைகள். அவனுக்கு அது தெரியாது. விபத்தைப் பற்றி யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. விற்கும் வண்டியைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும் என்று மகன் நினைத்திருப்பான். நான் சொன்னேன். அவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆமை வேகத்தில் நேராகத் தன் ஷெட்டுக்கு ஓட்டிப் போனான்.

ஷெட், லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றின் சுவரையொட்டி இருந்தது. அங்கே ஸ்கேனரை மறுபடி சொருகி, அச்சிட்டுக் கொடுத்ததுதான் மேலே சொன்ன சீட்டு. பின் ஒவ்வொன்றாகப் பார்த்தான். வண்டியைத் தூக்கி நான்கு சக்கரங்களின் வேகமும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்தான், வந்தது. ஸ்டியரிங்கை நேராக வைத்து, திரையிலும் நேர் என்றே காட்டுகிறதா என்று பார்த்தான், காட்டியது. மூன்றாவதாகப் பக்கவாட்டு அசைவின் அளவைத் திறந்தபோது, "இங்க பாருங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினான்.

வண்டி ஷெட்டின் சிமென்ட் தரையில் எஞ்சின் அணைந்து நின்றது. திரையின் கணக்கில் அது பக்கவாட்டில் சரிந்துகொண்டே போய்க்கொண்டிருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். எண் அசையவில்லை. அவன் கைப்பிரேக் பக்கத்தில் கையை ஊன்றியதும் எண் குதித்தது.

"சென்சார் செத்துப்போச்சுங்க. ரெண்டு சீட்டுக்கு நடுவுல, கைப்பிரேக்குக்கு அடியில, தீப்பெட்டி மாதிரி இருக்கும். நிக்கற வண்டியை ஓடுதுங்குது. நேராப் போறப்ப சும்மா இருக்கும், வளைவுல இந்தப் பொய்யும் சேர்ந்துக்கிட்டா வண்டி வழுக்குதுன்னு நெனச்சுப் பிரேக்கைப் போட்டுருது. மாத்திட்டாச் சரியாப்போயிரும்."

மகனுக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை வருபவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல் என்றேன். அவன், "சித்தி, அம்மாவுக்காக நீங்க ஏதாவது கண்டுபுடிச்சுத்தான் ஆவீங்க" என்றான். எனக்குக் கோபப்பட நியாயமிருந்தும் நான் படவில்லை. சரியான சென்சாரைப் போட்டு வண்டி ஒழுங்காகப் போனால் அதுவே பதில் சொல்லும் என்று நினைத்தேன்.

புதிய சென்சார் மறுநாள் சேலத்திலிருந்து வந்தது. பழையதைத் தாங்கியிருந்த தகட்டிலிருந்து இரண்டு திருகுகளைக் கழற்றிப் புதியதை அதே தகட்டில் பூட்டினான். திரையைத் திறந்தான். அதே எண். அணைத்துப் போட்டான். அதே எண்.

"புதுசும் பொய் சொல்லுதா?" என்றேன்.

அவன் பழையதைக் கையில் எடுத்து, ஒயரை மாட்டி, மேசைமேல் படுக்க வைத்தான். திரையில் பூஜ்யம் வந்தது. அவன் முகம் சிவந்துவிட்டது. "அய்யோ, இது நல்லாத்தானுங்க இருக்குது. நான்தான் அவசரப்பட்டுப்போட்டேன்."

அப்படியானால் தரைதான் சாய்ந்திருக்க வேண்டும் என்று பக்கத்துப் பட்டறைக்குப் போய் ரசமட்டம் வாங்கி வந்தான். லாரி பாடிக்கு மரம் சேர்ப்பவர்கள், தளம் சமமா என்று குமிழியை வைத்துப் பார்க்கும் நீளமான ரசமட்டம். கொடுத்தவர், "என்னடா, கார் எலெக்ட்ரீசியன் கொத்தனார் ஆயிட்டானா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. தரையில் வைத்தான், குமிழி நடுவில் நின்றது. வண்டியின் தளத்தில் வைத்தான், அங்கேயும் நடுவில். சிறிய ரசமட்டம் ஒன்றைத் தேடி எடுத்துச் சென்சாரின் தகட்டின்மேல் வைத்தான். குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

தகட்டின் கால்கள் தரைவிரிப்புக்குக் கீழே மறைந்திருந்தன. விரிப்பை வெட்டி விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தவன், சட்டென்று காரிலிருந்து வெளியே இறங்கினான். ஏதாவது பாம்பைக் கண்டுவிட்டானோ என்று நான் பின்வாங்கினேன். அவன் செருப்பைக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான்.

தகட்டின் ஒரு காலுக்கு அடியில், நசுங்கித் தட்டையாகிப் போய், ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. அதன்மேல் போல்ட் முழுதாக இறங்க முடியாமல் பாதியில் நின்றிருந்தது. அந்தக் கால் ஆடியது.

"சாமி மண்ணுங்க" என்றான், குரலைத் தாழ்த்தி. குலதெய்வக் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து முடிந்து, புது வீட்டில், புதுக் கிணற்றில், புது வண்டியில் வைப்பவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. ஆனால் அக்காவின் வண்டியில் அது இருக்க வழியே இல்லை. மாமா கடவுள் நம்பிக்கை இல்லாதவர். இந்தக் காரை எடுத்த அன்று எலுமிச்சம்பழம் வைக்க வேண்டாம் என்று ஷோரூம்காரரிடம் சண்டை போட்டவர். அவர் காலத்தில் அக்கா கோயிலுக்கு என்னோடுதான் வருவாள்.

அதை யார் வைத்தது என்று யோசிப்பதற்குமுன் எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டு ஓடிய கார் இந்த ஆண்டு மட்டும் ஏன் இப்படிச் செய்தது? விளக்கு முதலில் எப்போது எரிந்தது என்று அக்காவைப் போனில் கேட்டேன்.

"அந்த முட்டை கொட்டுச்சே, அதுக்குப் பொறவுதான்."

வைகாசியில் காருக்குள் முட்டை அட்டை சரிந்து, மஞ்சளும் வெள்ளையும் இருக்கைக்கு அடியில் ஓடி, நாற்றம் தாங்காமல் போனது. உள்ளே முழுக்கக் கழற்றிக் கழுவும் கடையில் விட்டாள். அந்தக் கடைக்காரரிடம் எலெக்ட்ரீசியன் போனில் பேசினான். எனக்குக் கேட்க ஸ்பீக்கரில் போட்டான்.

"ஆமாங்க, ஒரு முடிச்சு இருந்துச்சுங்க" என்றார் அவர், கொஞ்சமும் தயங்காமல். "அந்தத் தகடு பக்கத்துல ஒரு குழியில கெடந்துச்சு. துவைச்சுக் காய வெச்சு அங்கயே வெச்சனுங்க. உருண்டு எங்கியாச்சும் காலு படற எடத்துக்குப் போயிருமுன்னு தகட்டுக்கு அடியில குடுத்து இறுக்கிப்போட்டேன். சாமி சமாச்சாரம், தூக்கிப் போட முடியுமுங்களா? ஏன், ஏதாச்சும் குத்தமாயிருச்சுங்களா?"

எலெக்ட்ரீசியன் என்னைப் பார்த்தான். "ஒண்ணுமில்லீங்கண்ணா" என்று வைத்துவிட்டான். இன்னொருவர் சாமி மண்ணை மிதிபடாமல் காப்பாற்ற நினைத்த இடத்தில், என் அக்கா தன் மருமகளின் எலும்பை உடைத்தவளாகியிருந்தாள்.

முடிச்சை எடுத்த பிறகு தகடு சமமாக உட்கார்ந்தது. பழைய சென்சாரையே பூட்டினான். நிற்கும் வண்டி நிற்பதாகவே திரையில் வந்தது. அதே வளைவில் என்னை உட்கார வைத்துப் பலமுறை ஓட்டினான். ஒவ்வொரு முறையும் நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை.

அன்று மாலை வீட்டில் முடிச்சை அக்காவின் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவள் வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, பின்பக்கமாக இழுத்த முடிச்சு. நசுங்கியும் அவிழவில்லை. மாமா தீவன மில்லில் மக்காச்சோள மாதிரியைத் துணியில் கட்டித் தரும் முடிச்சு அது. வேறு யாரும் அப்படிக் கட்டி நாங்கள் பார்த்ததில்லை.

அவள் பிரித்தாள். உள்ளே கறுத்த மண், நடுவே மைக்காத் துகளான காக்காப்பொன் மினுங்கியது. பண்ணை மண் சிவப்பு. இது குலதெய்வக் கோயில் ஆற்று மண்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"என்ற நெத்தியில திருநீறு பாத்தாவே சிரிக்கிற மனுசன்! கோயிலுக்குப் போனா, 'உன்ற சாமிகிட்ட முட்டை வெலை கேட்டுட்டு வா'ம்பாரு. இவரு திருட்டுத்தனமாப் போயி மண்ணெடுத்துட்டு வந்தாராமா? என்கிட்டச் சொன்னா என்ன கொறஞ்சா போயிருவாரு?" மகன் பக்கம் திரும்பினாள். "உங்கப்பன் பண்ண வேலையைப் பாருடா!"

மகன் சுவரில் சாய்ந்து நின்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. தன் தந்தையைப் பற்றி அவன் உறுதியாக அறிந்திருந்த ஒன்றே ஒன்று, அவர் எதையும் நம்பாதவர் என்பது. ஆனால் அவன் கேட்டது அப்பாவைப் பற்றியல்ல.

"அப்ப, அன்னிக்கு வண்டியைத் திருப்புனது இதுதானா?"

எலெக்ட்ரீசியனும் உடன் வந்திருந்தான். எல்லோரும் அவனைப் பார்த்தோம். "இதாத்தானுங்க இருக்கோணும்" என்றான்.

"இருக்கோணும்னா?"

"வண்டி அந்தப் பிரேக்கைத் தானாப் போட்டிருந்தா உள்ள பதிவாகியிருக்குமுங்க. அதை நான்..." தலையைக் குனிந்துகொண்டான். "நேத்து வந்ததும் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டனுங்க. இப்ப இருக்கறது நேத்து நம்ம போனப்ப வந்ததுதான்."

அக்கா அவனைத் திட்டவில்லை. அவள் மருமகளைப் பார்த்தாள். அவளிடமிருந்து ஒரு வார்த்தையை எதிர்பார்த்தாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மருமகள் நல்ல பெண். பொய் சொல்ல வராது.

"அத்தை, நான் தப்பாச் சொல்லல. நான் தூங்கிட்டேன், எதையும் பாக்கல. ஆனா தூங்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு கொட்டாவி விட்டீங்க. அதைப் பாத்துத்தான் எனக்கும் தூக்கம் வந்துச்சு. அதனாலதான் கண்ணு முழிச்சதும் அப்படிக் கேட்டுட்டேன்."

எனக்கு இது புதுச் செய்தி. இத்தனை வாரமாக அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை; மாமியாரைக் காட்டிக்கொடுக்க விரும்பாமல் வைத்திருந்தாள்.

"விட்டிருப்பேன்" என்றாள் அக்கா. "காத்தால நாலு மணிக்கு எந்திரிச்சவ கொட்டாவி விடாம என்ன பண்ணுவா?" அவள் குரலில் குழைவு இல்லை. ஆவணிக்குப் பிறகு முதன்முறையாக அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் பேசினாள். மகனிடம் கையை நீட்டினாள். "சாவியைக் குடு. வெள்ளிக்கிழமை வாரவருகிட்ட இல்லேன்னு சொல்லிரு."

அவன் மனைவியைப் பார்த்தான். மனைவி தூளியில் இருந்த கையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு, "குடுத்துருங்க" என்றாள். "ஆனா கொஞ்ச நாளைக்கு நான் பின் சீட்டுலதான் உக்காருவேன் அத்தை."

"நீ டிக்கியில வேணாலும் உக்காரு கண்ணு."

அவன் சாவியைக் கொடுத்தான். அது நம்பிக்கையால் கொடுத்தது என்று சொல்ல மாட்டேன். மண்ணை அக்கா பண்ணையில் ஒரு தென்னங்கன்றின் அடியில் போட்டாள். அந்தத் துணியை என்ன செய்தாள் என்று கேட்கவில்லை. அவள் இப்போது மறுபடி ஓட்டுகிறாள். போன மாதம் சேலத்துக்கு என் வீட்டுக்கு வந்து போனாள்.

அந்த முடிச்சு தகட்டுக்கு அடியில் இருந்தவரை கார் வலது வளைவுகளில் தானாக இடப்பக்கம் இழுத்தது: இது உறுதி, நானே வண்டிக்குள் இருந்தேன். முடிச்சைக் கட்டியது மாமா: முடிச்சைப் பார்த்து அக்காவும் நானும் சொல்வது, வேறு சான்று இல்லை. ஆவணியில் எலச்சிபாளையம் வளைவில் கார் திரும்பிய கணத்தில் அக்காவின் கண்கள் திறந்திருந்தனவா என்பது: உறுதி செய்யப்படவில்லை. உறுதி செய்ய இனி வழியும் இல்லை.